நாலு மைல் நடந்த தாத்தாவும் வேனில் போகும் பேரனும்

கேள்வி: என் மாமனாருக்கு 74 வயது. கமுதிப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவர், இப்போது எங்களோடு திருப்பூரில் இருக்கிறார். காலையில் பள்ளி வேனுக்குக் கிளம்ப என் பத்து வயது மகன் சிணுங்கினால் போதும், “நாங்கெல்லாம் நாலு மைல் வெறுங்காலோட நடந்து போய்ப் படிச்சோம்” என்று ஆரம்பித்துவிடுவார். போன வாரம் பையன், “வேன் வந்திருந்தா நீங்களும் ஏறியிருப்பீங்க தாத்தா” என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து மாமா அவனோடு சரியாகப் பேசுவதில்லை. பையனைக் கட்டாயப்படுத்தி மன்னிப்புக் கேட்க வைக்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: வேண்டாம் சகோதரி. பையன் சொன்னது துடுக்கான பேச்சுதான், ஆனால் பொய் இல்லை. கையைப் பிடித்து இழுத்து வந்து ‘சாரி’ சொல்ல வைத்தால் தாத்தாவும் தலையாட்டிவிடுவார், இரண்டு பேருக்கும் மனசு ஆறாது.

உங்கள் மாமா அந்த நாலு மைலை எதற்காகத் திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்று யோசித்துப் பார்த்தேன். வயதை வைத்துக் கணக்குப் போட்டால், அவர் ஆறாம் வகுப்பில் சேர்ந்தது 1962 வாக்கில் இருக்கும். காமராசர் முதலமைச்சராக இருந்த காலம் (1954 - 1963). ஒரு மைலுக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப் பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப் பள்ளி என்று திட்டம் போட்டு ஊர் ஊராகப் பள்ளி திறந்தார்கள். 1956-இல் மதிய உணவும் வந்தது. அவருடைய அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். அந்தத் தலைமுறையில் கைநாட்டு வைத்தவர்களே அதிகம். நடந்து போகிற தூரத்துக்குப் பள்ளிக்கூடம் வந்ததே அவர்களுக்குப் பெரிய பாக்கியம். மாமா சொல்ல நினைப்பது அந்தச் சந்தோஷத்தை என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் ‘உனக்கென்ன, வேன் வருது’ என்ற தொனியில் சொல்வதால் பையன் காதில் அது திட்டாக விழுகிறது. அதுவும் காலை ஏழு மணிக்கு, ஒரு காலில் ஷூவோடு நிற்கும்போது!

அதனால் முதலில் நேரத்தை மாற்றுங்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், பையனும் பக்கத்தில் இருக்கும்போது, நீங்களே கேளுங்கள். “எப்படி மாமா அவ்வளவு தூரம் நடந்தீங்க?” என்று பொதுவாகக் கேட்டால் பழைய பல்லவிதான் வரும். சின்னச் சின்னதாகக் கேட்க வேண்டும். தூக்குவாளியில் என்ன கொண்டு போனீங்க? யார் யார் கூட வந்தாங்க? கொடுக்காப்புளி மரம் யார் தோட்டத்துல இருந்தது? பேனாவில் மை தீர்ந்துபோனா யார்கிட்ட கடன் வாங்கினீங்க? அந்தக் காலத்தில் மையைச் சொட்டு எண்ணித்தான் கடன் கொடுப்பார்கள், அஞ்சு சொட்டு வாங்கினால் அஞ்சு சொட்டுத் திருப்பித் தர வேண்டும். பத்து வயதுப் பையனுக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும்.

அவர் நடந்தது கரிசல் காடு. மழை பெய்தால் அந்த மண் காலை விடாது. நாலு எட்டு வைப்பதற்குள் பாதத்துக்கடியில் சேறு அப்பி அப்பி, கால் ஒரு கல் கனம் கனக்கும். நின்று குச்சியால் வழித்துப் போட்டுவிட்டு அடுத்த நாலு எட்டு. கோடையில் அதே மண் கொதிக்கும், எருக்கிலையைக் காலில் வைத்துக் கட்டிக்கொண்டு ஓடுவார்கள். கருவேல முள் தைத்தால் இன்னொரு முள்ளால்தான் எடுப்பார்கள். உள்ளே முறிந்துவிட்டால் எருக்கம்பாலை வைத்துவிட்டு நடையைக் கட்டுவார்கள். அந்தத் தழும்பு மாமாவின் பாதத்தில் இன்னும் இருக்கலாம். பையனைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் மாமியாரைப் பற்றிக் கடிதத்தில் ஒன்றும் இல்லை. அவர் இருந்தால் அவரையும் கேளுங்கள், ஏனென்றால் இந்தக் கதையில் நடக்காதவர்களும் உண்டு. என் அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அடுத்த பள்ளி மூன்று மைல், நடுவில் ஒரு ஓடை. பொம்பளைப் பிள்ளை தனியாக எப்படிப் போகும் என்று நிறுத்திவிட்டார்கள். என் தாய்மாமா மட்டும் போனார். சாயங்காலம் அவர் திரும்பி வந்ததும் அரிக்கேன் விளக்குக்குச் சிம்னி துடைக்கிற சாக்கில் உட்கார்ந்து அவருடைய புத்தகத்தை அம்மா படிப்பாராம். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மாணவிகளுக்கு அரசு சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தபோது, எங்கள் தெரு வழியாகப் பெண் பிள்ளைகள் வரிசையாகப் போவார்கள். அம்மா அடுப்பில் என்ன இருந்தாலும் அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்பார். கடைசிச் சைக்கிள் திருப்பம் தாண்டும்வரை உள்ளே வரமாட்டார். எதற்கென்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பையனுக்கும் ஒரு வழி இருக்கிறது, அதையும் தாத்தா கேட்கட்டும். வேனில் யார் பக்கத்தில் உட்காருகிறான், ஜன்னல் ஓரம் யாருக்கு, பை எவ்வளவு கனம்? ஒருநாள் அந்தப் பையை மாமா கையில் கொடுத்துப் பாருங்கள். பெரியவர் நிச்சயம் ஏதாவது சொல்வார்.

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனால் அந்தப் பாதையை இருவரும் சேர்ந்து பார்க்கட்டும். சித்திரை வெயிலில் வேண்டாம், தை மாதம்தான் சரி. மாமாவால் இப்போது நாலு மைல் முடியாது, பாதி வழி ஆட்டோவில் போய் மிச்சத்தை முடிந்த அளவு நடக்கலாம். பாதையில் இப்போது சீமைக்கருவேல் மண்டியிருக்கும், பையனுக்கு நல்ல செருப்பாகப் போட்டு அனுப்புங்கள். தண்ணீர் பாட்டிலோடு ஒரு தூக்குவாளியும் இருக்கட்டும். அதில் என்ன வைப்பது என்பதை மாமாவிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.