வெளிநாட்டில் தன்னார்வப் பணிக்குப் போகிறவர்கள் உண்மையில் என்ன கற்றுக்கொள்கிறார்கள்?

"தன்னம்பிக்கை வளரும், பார்வை விரியும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நிஜமாகவே ஏதாவது உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் எனக்கு முதலில் உறைத்தது, நான் போகாவிட்டாலும் அங்கே எதுவும் நின்றுவிடாது என்பதுதான்.

நான் போனது கோஸ்டா ரிக்காவின் கரீபியன் கரையில் இருக்கும் டோர்ட்டுகேரோவுக்கு. ஜூலை முதல் அக்டோபர் வரை அங்கே பேராமைகள் முட்டையிடக் கரையேறும். வேலை ராத்திரியில். கறுப்புச் சட்டை, சிவப்பு விளக்கு மட்டும், போனை எடுக்கவே கூடாது. மணலில் மணிக்கணக்காக நடை. ஆமை கரையேறும்போதும் குழி தோண்டும்போதும் கிட்டே போனால், முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். அதனால் தள்ளி உட்கார்ந்து காத்திருக்க வேண்டும், கொசுக்கடியோடு.

முட்டை விழ ஆரம்பித்ததும் அது நம்மை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. ஒருவர் அதன் பின்னால் குப்புறப் படுத்து, முட்டை விழ விழ எண்ணும் கருவியை அழுத்துவார். வழுவழுப்பாக, டேபிள் டென்னிஸ் பந்து அளவில், நூறுக்கு மேல் விழும். இன்னொருவர் ஆமையின் முதுகோட்டை நாடாவால் அளப்பார், துடுப்புக் காலில் அடையாள எண் பொறித்த உலோக வில்லை இருந்தால் அந்த எண்ணைக் குறிப்பார். அவ்வளவுதான் வேலை. ஆமையைக் கட்டிப்பிடித்துப் படம் எடுக்கலாம் என்று வந்தவர்களுக்கு முதல் வாரமே சலித்துவிடும்.

எனக்குச் சலிக்காததற்குக் காரணம் அந்த வில்லை. ஆர்ச்சி கார் என்ற அமெரிக்க விலங்கியலாளர் 1950-களில் இதே கரையில் ஆமைகளுக்கு வில்லை மாட்டத் தொடங்கினார். அந்த ஆமை வேறெங்காவது பிடிபட்டால், வில்லையைத் திருப்பி அனுப்புகிறவர்களுக்குச் சன்மானம் உண்டு. நிறைய வில்லைகள் நிகரகுவா மீனவர்களிடமிருந்து வந்தன. இங்கே முட்டையிடும் ஆமைகளில் பல அந்தக் கடலின் புல்வெளிகளில்தான் மேய்கின்றன என்று அப்படித்தான் தெரிந்தது. அந்தக் கணக்கில் நான் சேர்த்தது சில வரிகள். அவை பிழையில்லாமல் இருந்தால் போதும்.

அப்புறம், ஊர் மக்கள். 'உள்ளூர் மக்களுக்கு விழிப்புணர்வு' என்று விளம்பரங்களில் வருமே, அதைப் படித்தால் இப்போது சிரிப்பு வருகிறது. ஒரு காலத்தில் ஆமை இறைச்சியையும் முட்டையையும் நம்பிப் பிழைத்த ஊர் அது. 1975-இல் தேசியப் பூங்கா சட்டப்படி உறுதியானது. இன்று அங்கே பலருக்கு வழிகாட்டி வேலைதான் சோறு போடுகிறது. எங்களைக் கூட்டிப்போன அண்ணன் கும்மிருட்டில் மணல் தடத்தைப் பார்த்தே, ஆமை மேலே இருக்கிறதா, இறங்கிவிட்டதா என்று சொல்லிவிடுவார். அவருக்கு நான் என்ன விழிப்புணர்வு ஊட்டுவது? எனக்குக் கொஞ்சம் ஸ்பானிஷ் தெரிந்திருந்தால் அவருக்கு உபயோகமாக இருந்திருக்கும்.

எல்லா இடமும் இப்படி இல்லை. தென்னாப்பிரிக்காவில் சில பண்ணைகளில் 'அநாதைச் சிங்கக் குட்டி' என்று சொல்லிப் பால் புகட்டக் காசு வாங்குவார்கள். அவை கூண்டுக்குள் பிறந்தவை. வளர்ந்ததும் வேலிக்குள் சுடுவதற்கோ எலும்பு வியாபாரத்துக்கோ போன கதைகள் நிறைய. அநாதை இல்லங்களில் இது இன்னும் மோசம். கம்போடியாவிலும் நேபாளத்திலும் அப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார். வெளிநாட்டுப் பணம் வருகிறது என்பதற்காகவே பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்ப்பதும் நடக்கிறது. ஆஸ்திரேலியா 2018-இல் இதை நவீன அடிமைமுறையின் ஒரு வடிவமாகவே அங்கீகரித்தது. இரண்டு வாரம் கொஞ்சிவிட்டுக் கிளம்பிவிடுகிற அக்கா அண்ணன்களால் அந்தக் குழந்தைகளுக்கு ஒரு நன்மையும் இல்லை.

சரி, போவதாக இருந்தால் பணம் கட்டும் முன் அந்த அமைப்பிடம் ஒன்று கேளுங்கள்: தன்னார்வலர்கள் வராத மாதங்களில் இந்த வேலையை யார் செய்கிறார்கள்? சம்பளம் வாங்கும் உள்ளூர்க்காரர்கள் என்று பதில் வந்தால் தாராளமாகப் போகலாம். பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள்.