காமென்டில் தொங்கும் பூட்டு

வணக்கம் சார்,

ஒரே நேரத்தில் பல த்ரெட்டுகள் ஓடும் மல்டி த்ரெட் நிரல்களில் வரும் பிழைகளைப் பற்றி நீங்கள் எழுதியதில், 'லாக் விதிகளை காமென்டில் எழுதுவதும் எழுதாமல் விடுவதும் ஏறக்குறைய ஒன்றுதான்' என்று ஒரு வரி வந்தது. எந்த டேட்டாவைத் தொடும் முன் எந்த லாக்கை (பூட்டை) எடுக்க வேண்டும் என்ற விதிகளைச் சொல்கிறீர்கள். அதைப் பற்றித்தான் கேட்கிறேன். நான் எம்பெடட் துறையில் ஐந்து வருடமாக சி மொழியில் வேலை செய்கிறேன். எங்கள் கோடு சுமார் 2 லட்சம் வரி. போர்டு 32 பிட் ஏஆர்எம், கம்பைலர் ஜிசிசி. கம்பைல் செய்யும்போதே லாக் விதிகளைச் சரிபார்க்க, கிளாங் என்ற இன்னொரு கம்பைலரில் இருக்கும் வசதியைப் பயன்படுத்தலாமே என்று டீமில் சொன்னேன். 'த்ரெட் சானிட்டைசர் ஓட்டினால் போதும், கோடு முழுக்கக் குறிப்பு எழுதிக்கொண்டு உட்கார முடியாது' என்றார் லீட். இன்னொருவர், 'அவ்வளவு அக்கறை இருந்தால் ரஸ்ட் மொழிக்குப் போக வேண்டியதுதானே' என்று சிரித்தார். யார் சொல்வது சரி? பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் லீட் சொன்னதைப் பார்ப்போம். நிரலை ஓட்டிப் பார்த்து, த்ரெட்டுகள் மோதும் இடங்களைக் காட்டும் கருவி த்ரெட் சானிட்டைசர். அது 64 பிட் கணினிகளில் மட்டும்தான் ஓடும். உங்கள் போர்டில் அது ஏறவே ஏறாது. கோடை மேசைக் கணினிக்கென்று தனியாகக் கட்டி, ஹார்டுவேர் இருக்கும் இடத்தில் பொய்யாக ஒன்றை வைத்து ஓட்டலாம். அப்படிச் செய்தாலும் நிரல் 5 முதல் 15 மடங்கு வரை மெதுவாகும். அதை வேண்டாம் என்று சொல்லவில்லை, நல்ல கருவிதான். ஆனால் ஓடிய பாதையில் நடந்ததை மட்டுமே அது சொல்லும். வருடத்துக்கு ஒருமுறை வரும் பிழைப் பாதையை உங்கள் டெஸ்ட் தொடாவிட்டால் அதற்கும் தெரியாது.

ரஸ்ட் நண்பருக்கு ஒரே வரி: அங்கே மியூடெக்ஸ் என்ற லாக்குக்குள்தான் டேட்டாவே இருக்கும், லாக் எடுக்காமல் தொட வழி கிடையாது, அழகான ஏற்பாடு; ஆனால் உங்கள் 2 லட்சம் வரி அடுத்த தீபாவளிக்குள் ரஸ்டாக மாறப் போவதில்லை.

இனி காமென்ட் விஷயம். சி மொழியில் ஸ்ட்ரக்ட் என்ற டேட்டாத் தொகுப்புக்குள் லாக்கும் இருக்கும், அது காக்கும் ஃபீல்டுகளும் (உறுப்புகளும்) இருக்கும். எது எதைக் காக்கிறது என்று மொழிக்குத் தெரியாது. அதனால் ஆளாளுக்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் மையமான கெர்னலில் இருப்பது. ப்ராசஸ் ஸ்ட்ரக்டை அறிவிக்கும் கோப்பில், மேலே ஒரு அட்டவணை: இந்த எழுத்து என்றால் ப்ராசஸின் மியூடெக்ஸ், அந்த எழுத்து என்றால் ப்ராசஸ் மரத்தின் லாக், இன்னொரு எழுத்து என்றால் ஃபோர்க்கில், அதாவது ப்ராசஸ் பிறக்கும்போது, உருவானபின் மாறவே மாறாது. கீழே ஒவ்வொரு ஃபீல்டு பக்கத்திலும் அடைப்புக்குறிக்குள் அந்த எழுத்து. லினக்ஸில் ஃபைல்மேப் கோப்பின் தொடக்கத்தில் எந்த லாக்குக்குப் பிறகு எந்த லாக் என்ற வரிசை படிக்கட்டு போல நீளமாக இருக்கிறது. எழுதியவர்களின் ஒழுக்கத்துக்கு ஒரு கும்பிடு போடலாம். ஆனால் கம்பைலர் காமென்டைப் படிக்காது. ஏட்டுச் சுரைக்காய்தான்.

என் அனுபவம் ஒன்று. பல வருடங்களுக்கு முன் வேலை செய்த ஓரிடத்தில், லாக் எடுத்த பிறகே கூப்பிட வேண்டிய ஃபங்ஷன்களின் பெயர் 'லாக்டு' என்று முடியும். அதுதான் எழுதாத சட்டம். புதிதாக வந்த ஒருவர், நேரம் வந்ததும் தானாக ஓடும் டைமர் கால்பேக்குக்குள்ளிருந்து அப்படி ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டார், லாக் எடுக்காமல். 'லாக்டு' என்றால் அந்த ஃபங்ஷனே உள்ளே லாக் எடுத்துக்கொள்ளும் என்று நினைத்துவிட்டார். அப்படியும் படிக்கலாம் இல்லையா, அவரைக் குறை சொல்ல முடியாது. பதினோரு நாள் தேடினோம். என்ன நடக்கிறது என்று அச்சிட ஒரு வரி சேர்த்தால் பிழை ஓடி ஒளிந்துகொள்ளும், எடுத்தால் திரும்ப வரும்.

கிளாங்கின் த்ரெட் சேஃப்டி அனாலிசிஸ் அந்த 'லாக்டு' சட்டத்தைக் கம்பைலருக்குப் புரியும்படி எழுத வைக்கிறது. ஃபீல்டு மேல் 'கார்டட் பை' என்று போட்டு லாக்கின் பெயரைச் சொல்கிறீர்கள். ஃபங்ஷன் மேல் 'ரிக்வையர்ஸ் கேப்பபிலிட்டி' என்று போட்டால், கூப்பிடுபவர் கையில் லாக் இருந்தாக வேண்டும். எடுக்கும் ஃபங்ஷனுக்கு 'அக்வயர்', விடும் ஃபங்ஷனுக்கு 'ரிலீஸ்'. அவ்வளவுதான் அடிப்படை. அப்புறம் கம்பைலர் ஒவ்வொரு ஃபங்ஷனையும் தனித்தனியாக எடுத்து, எல்லாப் பாதைகளிலும் நடந்து பார்க்கும். லாக் இல்லாமல் ஃபீல்டைத் தொட்டாலும், நடுவில் ரிட்டர்ன் செய்து லாக்கை விடாமல் போனாலும் வார்னிங். நிரலை ஓட்டவே வேண்டாம். எங்கள் பதினோரு நாள் பிழையை இது அந்த வரியிலேயே காட்டியிருக்கும்.

யோசனை புதிதல்ல. 1993 இலேயே சன் நிறுவனத்தில் வார்லாக் என்று ஒரு கருவி இதே வேலையைச் செய்தது. லினக்ஸில் லைனஸ் டோர்வால்ட்ஸ் 2003 இல் தொடங்கிய ஸ்பார்ஸ் கருவிக்கும் இப்படிக் குறிப்புகள் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் எத்தனை எடுத்தாய், எத்தனை விட்டாய் என்று எண்ணுவதோடு நிறுத்திக்கொள்ளும். எந்த ஃபீல்டை எந்த லாக் காக்கிறது என்பது அதன் கணக்கில் வராது. அதனால் லினக்ஸ்காரர்கள் பெரும்பாலும் நம்பியிருந்தது 2006 இல் இங்கோ மோல்னார் கொண்டுவந்த லாக்டெப் என்ற கருவியை. அதுவும் ஓடும்போது பார்ப்பதுதான். 2025 இல் கூகுளில் இருக்கும் மார்க்கோ எல்வர், கிளாங்கின் சோதனையைக் கெர்னலுக்குக் கொண்டுவரும் பேட்ச் (திருத்தங்கள்) தொடரை அனுப்பினார். அதில் உங்களுக்குப் பயன்படும் விஷயம் ஒன்று: கெர்னல் முழுவதற்கும் ஒரேயடியாக அல்ல, விரும்பும் பகுதி மட்டும் சேர்ந்துகொள்ளும் ஏற்பாடு. உங்கள் லீட் பயப்படும் 'கோடு முழுக்க' என்ற பேச்சே அங்கே இல்லை.

சி மொழியில் சில உபத்திரவங்கள் உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லினக்ஸ் கணினிகளில் வழக்கமாக இருக்கும் த்ரெட் நூலகமான பி-த்ரெட்டின் ஹெடரில் இந்தக் குறிப்புகள் கிடையாது. எனவே லாக் எடுக்கவும் விடவும் உங்கள் சொந்த உறை ஃபங்ஷன்கள் வேண்டும். பெரும்பாலான எம்பெடட் கோடில் அவை ஏற்கெனவே இருக்கும். ஜிசிசிக்கு இந்தக் குறிப்புகள் புரியாது, மேக்ரோவுக்குள் ஒளித்துவிடுங்கள். போர்டில் ஏற்றும் நிரலை ஜிசிசியில் கட்டுங்கள், கிளாங்கை இலக்கணம் மட்டும் பார்க்கச் சொல்லித் தனியாக ஓட்டுங்கள். இந்தச் சோதனைக்கு அது போதும். பழைய கிளாங்கில் ஸ்ட்ரக்டுக்குள் லாக் மேலேயும் ஃபீல்டு கீழேயும் இருக்க வேண்டும், இல்லையென்றால் பெயர் தெரியவில்லை என்று முரண்டு பிடிக்கும்.

அப்புறம் இனிஷியலைஸ் செய்யும் ஃபங்ஷன்கள். சி பிளஸ் பிளஸில் ஒரு பொருளை (ஆப்ஜெக்டை) உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டருக்குள் சோதனை கிடையாது, ஏனென்றால் அந்தப் பொருள் இன்னும் யார் கண்ணிலும் படவில்லை. சி மொழியில் கன்ஸ்ட்ரக்டர் என்ற ஒன்றே இல்லாததால், இனிஷியலைஸ் ஃபங்ஷன்கள் எல்லாம் வார்னிங் கொடுக்கும். அங்கே சோதனையை நிறுத்தி வைக்கத் தனிக் குறிப்பு இருக்கிறது, போடுங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம். ஆனால் 'ஒரு நிபந்தனை உண்மையென்றால் லாக் எடு, பிறகு அதே நிபந்தனையைப் பார்த்து விடு' என்ற பாணிக்கு வார்னிங் வந்தால் குறிப்பைப் போட்டு வாயை அடைக்காதீர்கள். ஃபங்ஷனை இரண்டாகப் பிரியுங்கள். அந்தப் பாணியை மனிதர்களாலும் சரியாகப் படிக்க முடிவதில்லை.

எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்று டீமில் சொல்லிவிடாதீர்கள், பின்னால் மாட்டிக்கொள்வீர்கள். நான் சொன்ன கதையில் டைமர் கால்பேக் உள்ளிருந்து அந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டது. அதே ஃபங்ஷனின் பாயிண்டரையே (முகவரியையே) டைமரிடம் கொடுத்திருந்தால், நான் பயன்படுத்திய கிளாங் அதைப் பிடித்திருக்காது. குறிப்பு ஃபங்ஷன் பெயரோடு ஒட்டியது, பாயிண்டர் வழியாகக் கூடவே வராது. இதைவிட ஆழமான குறையும் உண்டு. 2016 அக்டோபரில் வெளியே தெரிந்த டர்ட்டி கவ் என்ற பாதுகாப்பு ஓட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 2007 இலிருந்து லினக்ஸில் இருந்தது. படிக்க மட்டும் அனுமதியுள்ள நினைவகப் பக்கத்தில் எழுத வேண்டுமானால் கெர்னல் தனிப் பிரதி எடுத்து அதில்தான் எழுத வேண்டும். பிரதி எடுத்தாயிற்று என்று அது முடிவு செய்ததற்கும், போய் எழுதுவதற்கும் நடுவில், இன்னொரு த்ரெட் அந்தப் பிரதியைத் தூக்கி எறியச் சொல்லும். கெர்னல் மறுபடி தேடிப்போய் மூலப் பக்கத்திலேயே எழுதிவிடும். இதில் இரண்டு தரப்பும் நினைவக வரைபடத்தின் லாக்கை ஒழுங்காகப் பிடித்துக்கொண்டுதான் இருந்தன, இரண்டும் படிப்பவர் என்ற முறையில், அதாவது பலர் ஒரே நேரத்தில் பிடிக்கக்கூடிய விதத்தில். கிளாங்கிடம் கேட்டால் எல்லாம் சரி என்றிருக்கும். கையில் சாவி இருக்கிறதா என்றுதான் அது பார்க்கும். கொஞ்சம் முன்பு பார்த்த செய்தி இப்போதும் உண்மையா என்பது அதற்குத் தெரியாது.

சரி, இத்தனை குறை இருந்தும் ஏன் செய்யச் சொல்கிறேன்? அந்தப் பதினோரு நாளுக்குப் பிறகு நாங்கள் ஒரு முக்கியமான ஸ்ட்ரக்டுக்குக் குறிப்பு எழுத உட்கார்ந்தோம். நாற்பது ஃபீல்டு இருக்கும். முக்கால்வாசி ஒரு மதியத்தில் முடிந்தது. ஆறு ஃபீல்டுகளுக்கு மட்டும் எந்த லாக் என்று எழுத முடியவில்லை. இரண்டு மூத்தவர்கள் இரண்டு வேறு லாக் பெயர் சொன்னார்கள், இரண்டு பேரும் அடித்துச் சொன்னார்கள். கோடைத் தேடிப் பார்த்தால் பாதி இடத்தில் இது, பாதி இடத்தில் அது. விதியை யாரோ மீறியிருப்பார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம். மீறுவதற்கு அங்கே விதியே இருந்திருக்கவில்லை. இத்தனைக்கும் கம்பைலரை அன்று இன்னும் ஒருமுறைகூட ஓட்டவில்லை.

உங்கள் கோடில் அதிகம் பேர் கை வைக்கும் ஸ்ட்ரக்ட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் போதும், அனுமதிகூடத் தேவைப்படாது. எழுத முடியாமல் நிற்கும் ஃபீல்டுகளை ஒரு தாளில் குறித்து லீடிடம் கொடுத்து, இவற்றுக்கு எந்த லாக் சார் என்று கேளுங்கள். பக்கத்திலேயே அந்த ரஸ்ட் நண்பரையும் நிற்க வைத்துக்கொள்ளுங்கள், மியூடெக்ஸுக்குள் எதைப் போடுவது என்று அவருக்கும் தெரிய வேண்டுமே. பதில் என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.