வாசகர் கேள்வி: நாயை வரைந்தால் சோறு வருமா?

கேள்வி: மகன் ஏழாம் ஆண்டு படிக்கிறான். எங்கள் நாயை வைத்துக் கொப்பி முழுக்கக் கார்ட்டூன் கதை வரைகிறான். "இதில் சோறு வருமா?" என்று அவனுடைய அப்பா கேட்கிறார். நான் என்ன சொல்ல? (ஓர் அம்மா, வெள்ளவத்தை)

பதில்: வரும் அம்மா, ஆனால் சுணங்கித்தான் வரும். அதை அப்பாவிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். ஸ்னூப்பி என்ற கார்ட்டூன் நாயை வரைந்த அமெரிக்கர் சார்ல்ஸ் ஷூல்ஸுக்குச் சின்ன வயதில் ஸ்பைக் என்றொரு கறுப்பு வெள்ளை நாய் இருந்தது. ஊசி, ஆணி எல்லாவற்றையும் விழுங்கும். 1937 இல் அதன் படத்தை ரிப்ளியின் 'நம்பினால் நம்புங்கள்' என்ற பத்திரிகை விநோதப் பகுதிக்கு அனுப்பினார், பத்திரிகையில் வந்தது. பிறகு தபாலில் ஓவியம் படித்தார், போருக்குப் போனார், திரும்பி வந்து அதே தபால் பள்ளியில் வேலை பார்த்தார். 1950 ஒக்டோபரில் ஸ்னூப்பி வரும் 'பீனட்ஸ்' கார்ட்டூன் தொடர் தொடங்கியபோது அதை வாங்கியவை 7 பத்திரிகைகள்தான். ஸ்னூப்பி உலகமெங்கும் போனது அதற்குப் பிறகு.

நம்மிடமும் ஆள் இருந்தார். சிரித்திரன் சுந்தர் பம்பாய்க்குக் கட்டடக்கலை படிக்கப் போனவர். 1964 இல் இதே கொழும்பில் 'சிரித்திரன்' என்ற நகைச்சுவை இதழைத் தொடங்கினார். அவருடைய கார்ட்டூன் பாத்திரமான சவாரித் தம்பரை எங்கள் வீடுகளில் உறவுக்காரர் போலப் பேசுவார்கள். மகன் படிப்பையும் விட வேண்டாம், கொப்பியையும் விட வேண்டாம். தயவுசெய்து அந்தக் கொப்பியைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஷூல்ஸுக்குப் பிறகு 'பீனட்ஸை' வேறு யாராவது வரைந்தார்களா? (வாசகர், தெஹிவளை)

பதில்: பத்திரிகைத் தொடரை இல்லை. வேறு கை தொடக்கூடாது என்பது அவர் விருப்பம். தொடரின் 17,897 கார்ட்டூன்களையும் அவரே வரைந்தார். 2000 பெப்ரவரி 12 இல் காலமானார். கடைசி ஞாயிறுப் படம் மறுநாள் வெளிவந்தது. இப்போது வருபவை பழையவை.

கேள்வி: என் நாய் போன மாதம் செத்துவிட்டது. அவனை வைத்து ஒரு கதை வரைந்தேன். படம் வடிவு, ஆனால் வேறு நாய் மாதிரி இருக்கிறது என்கிறார்கள். (மாணவி, கொட்டாஞ்சேனை)

பதில்: பிள்ளை, உங்கள் கவலை எனக்கு நன்றாகவே விளங்குகிறது. நீங்கள் அனுப்பிய பக்கத்தில் காது, மூக்கு, புள்ளி எல்லாம் கச்சிதம். போட்டோவைப் பார்த்து வரைந்திருக்கிறீர்கள், அதுதான் சிக்கல். போட்டோவுக்காக நாய் நின்ற நிலை அது, அவன் வாழ்ந்த நிலை இல்லை. பாண் ஓட்டோவின் பாட்டுக் கேட்டதும் கேற்றடியில் தலையை உயர்த்தி ஊளையிடுவான் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை ஏன் வரையவில்லை? அந்தக் கழுத்தை முதலில் போடுங்கள். கழுத்து சரியாக வந்தால் புள்ளி இடம் மாறினாலும் அது அவன்தான்.

இன்னொன்று. பேச்சு எழுதும் பலூனை வரைந்துவிட்டு வசனத்தை உள்ளே திணித்திருக்கிறீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, நெரிபடும். முதலில் பென்சிலால் வசனத்தை எழுதி, சுற்றிப் பலூனைப் போட்டு, மிச்ச இடத்தில் நாயை வரையுங்கள். இடம் போதாவிட்டால் வசனத்தை வெட்டுங்கள், நாயை வெட்ட வேண்டாம்.

புதிய பக்கத்தைப் போட்டோ கொப்பி எடுத்து அனுப்புங்கள். மூலம் உங்களிடமே இருக்கட்டும். நான் ஓரத்தில் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்புகிறேன்.