கடையில் வாங்கிய வீடியோ கேசட்டைப் பதிவு செய்தால் படம் இருண்டு வெளுப்பது ஏன்?

கேள்வி இதுதான்: அப்பா சேர்த்து வைத்த விஎச்எஸ் கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது, கடையில் வாங்கிய ஆங்கிலப் படம் மட்டும் இருண்டு, வெளுத்து, மறுபடியும் இருளுகிறது. டிவியில் போட்டால் நன்றாக ஓடுகிறது. கேசட் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது மேக்ரோவிஷன் என்ற நகல் தடுப்பு.

டிவி படம் ஒவ்வொரு முறை மேலிருந்து கீழே வரைந்து முடித்ததும், திரையில் தெரியாத சில கோடுகள் கடந்து போகும். மேக்ரோவிஷன் அந்த இடைவெளியில்தான் உட்கார்ந்திருக்கிறது. பொய்யான ஒத்திசைவுத் துடிப்பு (கோடு எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் சிக்னல்) ஒன்று, அதை ஒட்டியே கண்ணைப் பறிக்கும் வெள்ளைத் துடிப்பு ஒன்று, இப்படிப் பல ஜோடிகள். பதிவு செய்யும் விசிஆரில், அதாவது வீடியோ கேசட் மெஷினில், வரும் சிக்னலின் பலத்தை அளந்து தானாகவே கூட்டிக் குறைக்கும் சுற்று ஒன்று உண்டு. இந்தத் துடிப்புகளைப் பார்த்ததும் 'சிக்னல் ரொம்பப் பலமாக இருக்கிறது' என்று அது ஏமாந்து, முழுப் படத்தையும் அமுக்கிவிடும். முகத்துக்கு நேரே டார்ச் அடித்தால் அறையே இருட்டாகத் தெரிவதைப் போல. துடிப்புகளின் உயரத்தையும் வேண்டுமென்றே ஏற்றி இறக்குவார்கள். படம் இருண்டு வெளுப்பது அதனால்தான். டிவியின் சுற்று இதற்கு அவ்வளவாக அசையாது. ஒலிக்கும் ஒன்றும் ஆகாது.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் மாமாவின் ரேடியோ, டிவி ரிப்பேர் கடையில் நான் கூடமாட இருந்த காலத்தில், பக்கத்துத் தோட்டங்களிலிருந்து விசிஆரைத் துணியில் சுற்றிக் கொண்டுவருவார்கள். "தம்பி, ஹெட்டு போயிருச்சு போல, பாரு" என்பார்கள். டேப்பைப் படிக்கும் அந்த ஹெட் சுத்தமாகத்தான் இருக்கும். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய மெஷின் அது. பழுதில்லை என்று சொன்னதும் அவர்கள் முகம் தெளிவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பழைய மெஷின்களில் சில இந்தத் துடிப்புக்கு ஏமாறாமல் நன்றாகவே பதிவு செய்யும். அப்புறம் 1998ல் அமெரிக்கா கொண்டுவந்த பதிப்புரிமைச் சட்டம், அங்கே விற்கும் புது விசிஆர்கள் இதற்குக் கட்டுப்பட வேண்டும் என்றே எழுதிவிட்டது. கம்ப்யூட்டரில் செருகும் பதிவுக் கருவிகளிலும் பல இதைக் கண்டால் பதிவையே நிறுத்திவிடும்.

சரி, வீட்டுக் கல்யாணக் கேசட்டிலும் 'நகல் தடுப்பு உள்ளது' என்று கருவி நின்றால்? அதில் மேக்ரோவிஷன் இருக்க வாய்ப்பே இல்லை. தேய்ந்த டேப்பின் சிக்னல் குழப்பத்தைக் கருவி தப்பாகப் படிக்கிறது. சிக்னலின் நேரத்தைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டர் ஒன்றை நடுவில் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இன்னொன்று. அந்தக் கல்யாணக் கேசட்டை மெஷினில் போடும் முன், டேப்பின் பெயர் ஒட்டும் விளிம்பில் இடது ஓரமாக உள்ள சின்னப் பிளாஸ்டிக் பல்லைப் பாருங்கள். உடையாமல் இருந்தால் உடைத்துவிடுங்கள். அப்புறம் கை தவறி ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் மெஷின் பதிவு செய்யாது.