மூன்று வெண்டைக்காயை வைத்து என்ன சமைப்பது?

கேள்வி: ஐயா, வேளச்சேரியில் மூன்றாவது மாடிக்கு மேல் மொட்டை மாடியில் 40 பைகளில் இரண்டு வருடமாகத் தோட்டம் போட்டிருக்கிறேன். வெண்டை, கத்தரி, தக்காளி, கொத்தவரை, முள்ளங்கி என்று எல்லாவற்றிலும் இரண்டு மூன்று செடிகள் இருக்கின்றன. பீர்க்கங்கொடி நன்றாகப் படர்கிறது, ஆனால் பிஞ்சு விரல் நீளம் வந்ததும் மஞ்சளாகி உதிர்கிறது. தக்காளி ஏப்ரலில் இருந்து பூவோடு நின்றுவிட்டது. வீட்டில் நான், கணவர், மாமியார், 11 வயது மகன். எல்லாரும் காய் நிறைய சாப்பிட வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். பையன் உருளைக்கிழங்கைத் தவிர எதையும் தொடுவதில்லை. "இந்த நாலு காய்க்கா இவ்வளவு தண்ணீர்?" என்று கணவர் கேட்கிறார். தொடரலாமா, விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம் அம்மா. இரண்டு வாரத்தில் ஆடி பிறக்கிறது, இப்போது போய் விடுவதா? ஆனால் நடும் முறையை மாற்ற வேண்டும். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது பூச்சியும் இல்லை, உரமும் இல்லை. "எல்லாவற்றிலும் இரண்டு மூன்று செடிகள்" என்ற வரிதான்.

ஒரு வெண்டைச் செடி நல்ல பருவத்தில் இரண்டு நாளுக்கு ஒரு காய் கொடுக்கும். மூன்று செடி என்றால் மூன்று காய். நாலு பேருக்குப் பொரியல் செய்ய இருபத்தைந்து காயாவது வேண்டும். அப்போது என்ன நடக்கிறது? மூன்று காயைப் பறித்து ஃபிரிட்ஜில் வைப்பீர்கள். அடுத்த பறிப்பு சேர்வதற்குள் முதல் காய் வதங்கிவிடும், அல்லது சாம்பாரில் போட்டதே தெரியாமல் போய்விடும். தோட்டம் காய்க்கிறது, தட்டில் மட்டும் எதையும் காணோம். சென்னையில் நான் பார்த்த மாடித் தோட்டங்களில் பாதிக்கு மேல் இதே கதைதான். விதைப் பாக்கெட் பத்து வகை வாங்கினால் பத்தையும் போடத்தான் கை போகும், யாரைக் குறை சொல்ல?

அதனால் செடியைக் கணக்கிடாமல் கறியைக் கணக்கிடுங்கள். ஒரு தடவை சமைக்க எவ்வளவு வேண்டும், அதைத் தர எத்தனை செடி வேண்டும் என்று பார்த்து நடுங்கள். வெண்டை வேண்டுமானால் 15 செடி. ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்தால், இரண்டு பறிப்பு சேர்ந்து ஒரு பொரியல். விதைத்த 45 - 50 நாளில் பறிக்க ஆரம்பிக்கலாம். அர்கா அனாமிகா ரகம் கேட்டு வாங்குங்கள். வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் நரம்புத் தேமல் நோயை ஓரளவு தாங்கும். அப்படியும் ஒரு செடியில் இலை நரம்பெல்லாம் மஞ்சளாகத் தெரிந்தால் இரக்கப்படாமல் பிடுங்கிவிடுங்கள், அதற்கு மருந்து கிடையாது. கத்தரி ஆறு செடி போதும், கவாத்து செய்தால் (பழைய கிளைகளை வெட்டிவிட்டால்) ஒரு வருடம்கூட நிற்கும். குருத்து தலை தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம். தொங்கிய இடத்துக்கு இரண்டு அங்குலம் கீழே வெட்டி அழித்துவிடுங்கள். உரக்குழியில் மட்டும் போட்டுவிடாதீர்கள். கொத்தவரையும் முள்ளங்கியும் இந்தப் பட்டத்துக்கு வேண்டாம், கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

இப்போது கணவர் கேட்ட கேள்வி. அதிலும் நியாயம் இருக்கிறது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு நாளைக்குக் கீரையும் சேர்த்து 400 கிராம் காய், 100 கிராம் பழம் வேண்டும். உருளைக்கிழங்கு இந்தக் கணக்கில் வராது (இதை உங்கள் மகனிடம் மெதுவாகச் சொல்லுங்கள்). பையனுக்குக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும் காயும் பழமும் சேர்த்து உங்கள் வீட்டுக்கு ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட இரண்டு கிலோ, மாதம் 60 கிலோ போல. 40 பைகளில் அது வராது. கோயம்பேடு காய்கறிச் சந்தையை மொட்டை மாடிக்குக் கொண்டுவர முடியாது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டால் மனசு லேசாகும்.

ஒரு நாள் சமைக்கும் முன் காயைத் தராசில் வைத்துப் பாருங்கள். பொரியலுக்குக் கால் கிலோ பீன்ஸ், சாம்பாருக்கு 200 கிராம் முருங்கையும் கத்தரியும் என்று வைத்துக்கொள்வோம். நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 110 கிராம் சொச்சம். நாம் "காய் சாப்பிடுகிறோம்" என்று நினைத்துக்கொண்டு சாதம்தான் சாப்பிடுகிறோம். என் வீட்டிலும் எடை போட்டுப் பார்த்து அசந்துபோனேன், நான் காய்க்காரன் என்று பேர்!

சரி, இந்த இடைவெளியில் மாடி எதை நிரப்ப முடியும்? கீரையை. கணக்கு இங்கேதான் அழகாக உட்காருகிறது. இரண்டடிக்கு இரண்டடி, அரையடி ஆழமுள்ள தொட்டி ஒன்றில் சிறுகீரையோ முளைக்கீரையோ விதைத்தால் 25 நாளில் 400 கிராம் போலக் கிடைக்கும். வழிகாட்டுதல் சொல்லும் ஆளுக்கு 100 கிராம் கீரை, நாலு பேருக்கு ஒரு வேளை. இப்படி ஐந்து தொட்டி வையுங்கள். ஐந்தையும் ஒரே நாளில் விதைத்துவிடாதீர்கள், எல்லாரும் செய்யும் தப்பு அதுதான். ஐந்து நாளைக்கு ஒரு தொட்டி. கடைசித் தொட்டியை விதைத்து ஐந்து நாள் கழித்து முதல் தொட்டி அறுவடைக்கு வரும். அதைப் பிடுங்கிய அன்றே கொஞ்சம் தொழு உரம் கலந்து மறுபடி விதையுங்கள். ஐந்து நாளைக்கு ஒரு கீரை நாள் வீட்டில் உறுதி. விதை பொடியாக இருக்கும், மணலோடு கலந்து தூவுங்கள். எறும்பு விதையைத் தூக்கிக்கொண்டு போகும், ஒரு பிடி ரவையையும் சேர்த்துவிட்டால் அதை எடுத்துக்கொண்டு விதையை விட்டுவிடும். தனியாக ஒரு தொட்டியில் அரைக்கீரை போடுங்கள். அதைப் பிடுங்காமல் கிள்ளி எடுத்தால் துளிர்த்துக்கொண்டே இருக்கும். மணத்தக்காளி ஒரு செடி, பொன்னாங்கண்ணி நாலு குச்சி, இவற்றுக்கு நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

பீர்க்கங்காய்க்கு வருகிறேன். உதிர்ந்த பிஞ்சை நறுக்கிப் பாருங்கள். உள்ளே சின்ன வெள்ளைப் புழு நெளிந்தால் பழ ஈயின் வேலை. பிஞ்சிலேயே காகிதப் பையால் மூடி வைக்க வேண்டும். புழு இல்லாமல் சுருங்கி மஞ்சளாகி இருந்தால் மகரந்தம் சேரவில்லை. மூன்று மாடிக்கு மேல் தேனீ அவ்வளவாக வருவதில்லை, உங்கள் விஷயத்தில் இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். பீர்க்கன் பூ சாயங்காலம்தான் விரியும், ஐந்து மணிக்கு மேல். பலர் காலையில் போய்ப் பார்த்து ஏமாறுவார்கள். காம்பு நீளமாக, கொத்தாக வருவது ஆண் பூ. அடியில் குட்டிப் பீர்க்கங்காய் ஒட்டியிருப்பது பெண் பூ. ஆண் பூவைப் பறித்து இதழைப் பிய்த்துவிட்டு, அந்த மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவ வேண்டும். அவ்வளவுதான்.

இந்த வேலையை மகனிடம் கொடுங்கள். பள்ளி விட்டு வந்த நேரம், பூ விரியும் நேரம், இரண்டும் ஒன்று. தொட்ட பூவின் காம்பில் ஒரு நூல் கட்டச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நாளில் பிஞ்சு பருத்தால் ஜெயித்தான். அந்தக் காயை அவனே பறிக்கட்டும், என்ன சமைப்பது என்றும் அவனே சொல்லட்டும். உடனே பொரியல் சாப்பிடுவான் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். பஜ்ஜி போடச் சொன்னால் பஜ்ஜியே போட்டுக் கொடுங்கள், முதல் காய்க்கு அது பரவாயில்லை. தோலைத் துவையல் அரைத்தால் மாமியாருக்கும் ஆச்சு.

தக்காளியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் புழுங்கினால் பூ கொட்டத்தான் செய்யும். கத்திரி வெயிலில் எந்த டானிக்கும் அதை மாற்றாது, காசு வீண். நவம்பரில் நாற்று விட்டு, பெருமழை ஓய்ந்ததும் டிசம்பரில் எட்டுச் செடி நடுங்கள். தையிலிருந்து பங்குனி வரை வீட்டுத் தக்காளி.

பழம்? வாங்குங்கள். ஆளுக்கு ஒரு வாழைப்பழம் போதும், நூறு கிராம் கணக்கு ஏறக்குறைய முடிந்தது. நட்டே ஆக வேண்டும் என்று ஆசை இருந்தால், பாதியாக வெட்டிய பெரிய டிரம்மில் ஒரு கொய்யா பதியன் கன்று (தாய் மரத்தின் கிளையிலேயே வேர் விடவைத்துப் பிரித்தது) வையுங்கள். அதே எடை ஆரஞ்சைவிட நான்கு மடங்கு வைட்டமின் சி கொய்யாவில் இருக்கிறது. டிரம்மை மாடியின் நடுவில் வைக்காமல் தூண் வரும் இடத்தில் வையுங்கள், ஈரமான மண் சாமானிய பாரம் இல்லை. பப்பாளி வேண்டாம். 2016 வர்தா புயலில் சென்னையில் பெரிய பெரிய மரங்களே சாய்ந்தன. பையில் நிற்கும் பப்பாளிக்குச் சாதாரண மார்கழிக் காற்றே போதும்.

தண்ணீர் விஷயத்தில் கணவருக்குக் கொஞ்சம் சமாதானம் சொல்லலாம். அரிசி, காய் கழுவிய தண்ணீர், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் எல்லாம் செடிக்குப் போகட்டும். ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரை மட்டும் அப்படியே ஊற்றாதீர்கள், உப்பு பையிலேயே தங்கி இலை ஓரம் கருகும்.

இரண்டு வருடம் ஆன பை என்பதால், ஆடிக்கு முன் எல்லாவற்றையும் கொட்டுங்கள். பழைய வேரை எடுத்துவிட்டு இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, மூன்றில் ஒரு பங்கு புதிய மண்புழு உரமோ மட்கிய தொழு உரமோ, பைக்கு ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்புங்கள். புதிதாகத் தென்னை நார்க் கழிவு சேர்த்தால் இரண்டு மூன்று தடவை அலசிவிட்டுச் சேருங்கள். மாவுப்பூச்சி தென்பட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் துளி காதி சோப்பும் கலந்து சாயங்காலம் அடிக்கலாம், கீரைத் தொட்டிப் பக்கம் மட்டும் வேண்டாம். ஐப்பசி மழைக்கு முன் ஒவ்வொரு பையையும் இரண்டு செங்கல் மேல் ஏற்றி வைத்து, அடி ஓட்டைகள் அடைத்திருக்கிறதா என்று ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள்.