எழுதுபவருக்கு என்ன லாபம்? வைரஸ் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: கம்ப்யூட்டர் வைரஸை ஏன்தான் எழுதுகிறார்கள்? முகம் தெரியாத ஒருவரின் கணினியைக் கெடுப்பதில் என்ன கிடைக்கிறது?
பிளஸ் டூ மாணவி, தேனி

பதில்: காலத்துக்குக் காலம் காரணம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. பெர்சனல் கம்ப்யூட்டர்களில் பரவிய முதல் வைரஸ்களில் ஒன்றான ‘பிரெய்ன்’ 1986-இல் பாகிஸ்தானின் லாகூரில் எழுதப்பட்டது. எழுதிய சகோதரர்கள் இருவர், மருத்துவர்களுக்காகத் தாங்கள் தயாரித்த மென்பொருளைத் திருட்டு நகல் எடுப்பவர்களுக்காகவே அதை எழுதியதாகச் சொன்னார்கள். 360 கே.பி. ஃபிளாப்பி வட்டில், கணினி தொடங்கும்போது முதலில் படிக்கும் பகுதியான பூட் செக்டரில் போய் உட்கார்ந்துகொள்ளும் அந்த வைரஸுக்குள் அவர்களின் கடைப் பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் இருந்தன. கெடுதல் செய்துவிட்டு ஒளிய நினைப்பவர் முகவரி எழுதிவைக்க மாட்டார்.

அடுத்து வந்தது சவால். 1998-இல் சி.ஐ.எச். வைரஸை எழுதிய தைவான் மாணவர் சென் இங்-ஹௌ, ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் பெருமைப் பேச்சுக்குப் பதிலடியாக எழுதியதாகச் சொன்னார். 1999 ஏப்ரல் 26 அன்று அது விழித்துக்கொண்டபோது ஹார்டு டிஸ்க்கின் தொடக்கப் பகுதியை அழித்தது. சில மதர்போர்டுகளில், கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் சிப்பையும் கெடுத்ததால், சிப்பை மாற்றாமல் கணினியை எழுப்பவே முடியவில்லை. 2000 மே மாதத்தின் ‘ஐ லவ் யூ’ வைரஸுக்குக் காரணம் இன்னும் அற்பமானது. மணிலாவில் அதை எழுதிய ஓனெல் டி குஸ்மான், காசு கொடுக்காமல் இணையத்தைப் பயன்படுத்த மற்றவர்களின் பாஸ்வேர்டைத் திருட நினைத்தார். முகவரிப் புத்தகத்தில் உள்ள அத்தனை பேருக்கும் தன்னைத்தானே அனுப்பிக்கொள்ளும்படி எழுதியதால், ஒரே நாளில் கண்டம் விட்டுக் கண்டம் போய்விட்டது. அப்போது பிலிப்பைன்ஸில் அதற்கான சட்டமே இல்லை, வழக்கு கைவிடப்பட்டது.

இன்று பெரும்பங்கு பணத்துக்காகத்தான். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் தொழிலில், எழுதுபவர் வேறு, ஏவுபவர் வேறு. லாக்பிட் கும்பலில் ஏவியவர் வசூலித்த பணத்தில் சுமார் 20 சதவீதம் எழுதியவர்களுக்குப் போனது. அவர்களைப் பொறுத்தவரை இது மாத வருமானம் தரும் தொழில்.

இன்னொரு பக்கம் அரசுகள். 2010-இல் கண்டுபிடிக்கப்பட்ட ‘ஸ்டக்ஸ்நெட்’, ஈரானின் நதான்ஸில் யுரேனியம் செறிவூட்டும் இயந்திரங்களின் சுழற்சியை 1,064 ஹெர்ட்ஸிலிருந்து 1,410-க்கு ஏற்றி, பின்னர் 2 ஹெர்ட்ஸுக்கு இறக்கும்படி எழுதப்பட்டிருந்தது. இணையத் தொடர்பே இல்லாத இடத்துக்குள் பென்டிரைவ் வழியாக நுழையும் திறனும் அதற்கு இருந்தது. அமெரிக்காவும் இஸ்ரேலும் சேர்ந்து செய்தது என்று பரவலாக நம்பப்படுகிறது. இரு நாடுகளும் அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்டதில்லை. நம் கூடங்குளத்திலும் 2019-இல், அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பிரிவுக் கணினி ஒன்றில் வைரஸ் இருந்ததை இந்திய அணுமின் கழகம் உறுதிசெய்தது. உலைக் கட்டுப்பாட்டு அமைப்புகள் அந்த வலைப்பின்னலோடு இணைக்கப்படவில்லை என்றும் அது சொன்னது.

நோக்கம் மாறியதும் வைரஸின் நடத்தையும் மாறிவிட்டது. பெயர் வாங்க எழுதியது திரையில் கூத்தடித்தது. பணத்துக்கோ உளவுக்கோ எழுதியது, முடிந்தவரை சத்தமில்லாமல் கிடக்கும். ரேன்சம்வேர்கூடக் கடைசி நாளில்தான் முகம் காட்டும். ஆகவே, “கணினி நன்றாகத்தான் ஓடுகிறது” என்பதை வைரஸ் இல்லை என்பதற்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: வியாபாரத்துக்காக ஆன்டிவைரஸ் கம்பெனிகளே வைரஸ் எழுதிப் பரப்புகின்றன என்கிறார்களே?
வாசகர், தஞ்சாவூர்

பதில்: அதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் எதுவும் வந்ததில்லை, அப்படிச் செய்ய வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. ஏவி-டெஸ்ட் என்ற ஜெர்மன் பரிசோதனை நிறுவனம் நாளொன்றுக்கு 4.5 லட்சம் புதிய கெட்ட கோப்புகளுக்கு மேல் பதிவுசெய்வதாகச் சொல்கிறது. இவற்றில் பல, பழைய சரக்கை அடையாளம் தெரியாதபடி மறுபடி மறுபடி பொட்டலம் கட்டியவை. வதந்திக்கு ஓர் உண்மையான வேர் உண்டு: “உங்கள் கணினியில் 37 வைரஸ்கள்” என்று மிரட்டிப் பணம் பறிக்கும் போலி ஆன்டிவைரஸ்களை எழுதுவது வைரஸ்காரர்களேதான்.

கேள்வி: எங்கள் கடையில் இணையத்தோடு இணைந்திருப்பது சிசிடிவி கேமரா மட்டும்தான். அதில் திருட என்ன இருக்கிறது?
மளிகைக் கடைக்காரர், ஈரோடு

பதில்: கேமராவின் உழைப்பைத் திருடலாம். 2016-இல் அமெரிக்க இளைஞர்கள் மூவர் எழுதிய ‘மிராய்’, தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டு மாற்றப்படாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் தேடிப் பிடித்து, அத்தனையையும் ஒரே நேரத்தில் ஒரு தளத்தை மொய்க்கவைத்து முடக்கப் பயன்பட்டது. கையில் அறுபதுக்கு மேற்பட்ட வழக்கமான பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகள் இருந்தால் அதற்குப் போதும். அவர்களின் ஆரம்ப நோக்கங்களில் ஒன்று, மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர் நடத்தும் போட்டியாளர்களை முடக்குவது. நிரலை அவர்கள் பொதுவில் போட்டுவிட்டார்கள். சில வாரங்களில், அக்டோபர் 21 அன்று, இணையதளப் பெயர்களுக்கு உரிய முகவரியைக் கண்டுபிடித்துத் தரும் டின் என்ற நிறுவனத்தின் மீது நடந்த தாக்குதலில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பல தளங்கள் தடுமாறின.

மிராய் நினைவகத்தில் மட்டும் வாழ்வது. கருவியை அணைத்து மறுபடி போட்டாலே போய்விடும். ஆனால் பழைய பாஸ்வேர்டோடு மறுபடி இணைத்தால் சில நிமிடங்களில் திரும்ப வந்துவிடும். எனவே வரிசை முக்கியம்: முதலில் இணைய ஒயரைக் கழற்றுங்கள், கேமராப் பதிவுப் பெட்டியான டி.வி.ஆரை அணைத்து மறுபடி போடுங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள், பிறகு ஒயரைச் செருகுங்கள். ரவுட்டரில், வெளி இணையத்திலிருந்து உள்ளே வழிதிறந்துவிடும் போர்ட் ஃபார்வர்டிங், யு.பி.என்.பி. இரண்டையும் நிறுத்துங்கள். சில மலிவான கருவிகளில் நாம் மாற்றவே முடியாத ரகசியப் பாஸ்வேர்டு ஒன்று உள்ளே இருக்கும். அவற்றைக் காப்பது ரவுட்டரின் இந்தக் கதவடைப்பு மட்டுமே.

கேள்வி: ‘திருமண அழைப்பிதழ்’ என்று வாட்ஸ்அப்பில் வந்த ஏ.பி.கே. கோப்பை அம்மா தொட்டுவிட்டார். இப்போது என்ன செய்வது?
வாசகி, மதுரை

பதில்: ஏ.பி.கே. என்பது ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்பு. அது இறங்கியதோடு நின்றிருந்தால் அழித்துவிட்டால் போதும். ‘இன்ஸ்டால்’ அழுத்தி, எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதியும் கொடுத்திருந்தால் அவசரம். இந்தச் செயலியின் வேலை ஓ.டி.பி.யைத் திருட்டுக் கும்பலுக்கு அனுப்புவது.

உடனே ஏரோபிளேன் மோடைப் போட்டு, வைஃபையும் நின்றுவிட்டதா என்று பாருங்கள். சிம்மைக் கழற்றி ஒரு சாதாரண பட்டன் போனில் போடுங்கள். இனி வரும் ஓ.டி.பி. அதில் வரும். அதிலிருந்து ##002# அழுத்தினால், அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு ஏதாவது செய்திருந்தாலும் ரத்தாகும். அடுத்து வங்கியை அழைத்து நெட் பேங்கிங், யு.பி.ஐ., கார்டு மூன்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால், சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழையுங்கள். திருடிய பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவி ஏ.டி.எம்.மில் எடுக்கப்படும் முன் முடக்கினால்தான் திரும்பக் கிடைக்கும். இதில் ஒரு மணி நேரத் தாமதம்கூடப் பெரிது.

பிறகுதான் போனைச் சுத்தம் செய்வது. இந்தச் செயலிகள் தங்கள் ஐகானை மறைத்துக்கொள்ளும், ஆகவே செட்டிங்ஸில் ‘ஆப்ஸ்’ பட்டியலில் தேடுங்கள். அன்இன்ஸ்டால் பட்டன் மங்கலாக இருந்தால் ‘டிவைஸ் அட்மின்’ அனுமதியைப் பிடுங்கிவைத்திருக்கிறது என்று பொருள். சேஃப் மோடில் போனைத் திறந்து அந்த அனுமதியையும், ‘ஆக்சசிபிலிட்டி’ அனுமதியையும் எடுத்துவிட்டால் நீக்க முடியும். அப்படியும் போகாவிட்டால் படங்களை மட்டும் நகலெடுத்துவிட்டு ஃபேக்டரி ரீசெட். பாஸ்வேர்டுகளை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் ‘லிங்க்டு டிவைசஸ்’ பட்டியலில் தெரியாத கருவி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். அம்மாவின் பெயரில் அதே அழைப்பிதழ் உறவினர்களுக்குப் போயிருக்கலாம், அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கற்றுக்கொள்வதற்காக மட்டும் ஒரு வைரஸ் எழுதிப் பார்த்தால் தவறா?
பொறியியல் மாணவர், கோவை

பதில்: ராபர்ட் மோரிஸும் கெடுக்க நினைக்கவில்லை என்றுதான் சொன்னார். கார்னெல் பல்கலைக்கழக மாணவரான அவர் 1988 நவம்பர் 2 அன்று விட்ட ‘புழு’ (வலைப்பின்னல் வழியே தானாகப் பரவும் நிரல்), ஒரு கணினியில் ஏற்கெனவே தான் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் நுழையும். யாராவது “இருக்கிறது” என்று பொய்ப் பதில் தந்து தடுத்துவிடுவார்களோ என்று, ஏழில் ஒரு முறை அந்தப் பதிலை மதிக்காமல் தங்கிவிடும்படி எழுதினார். அந்த விகிதம் மிக அதிகம். ஒரே கணினியில் பல பிரதிகள் குவிந்து, இயந்திரங்கள் மூச்சுத் திணறின. சுமார் 6,000 கணினிகள் பாதிக்கப்பட்டதாக அப்போது மதிப்பிட்டார்கள். அவருக்கு 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேர சமூகசேவை, 10,050 டாலர் அபராதம். தானாகப் பரவும் நிரலில் ஓர் எண்ணைத் தவறாகக் கணித்தாலும், வெளியே போனபின் திருத்த வழியில்லை.

நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, உரிமையாளர் அனுமதியின்றிக் கணினியில் வைரஸ் நுழைத்தால் இழப்பீடு கட்டச் சொல்கிறது. நேர்மையற்ற நோக்கம் இருந்தால் 66-ஆம் பிரிவு: 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆர்வத்தை விட வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். ஆன்டிவைரஸ் விழித்திருக்கிறதா என்று பார்க்க, ஐகார் என்ற 68 எழுத்துச் சோதனைக் கோப்பு இருக்கிறது. அது எந்தத் தீங்கும் செய்யாது. உண்மை வைரஸ் மாதிரிகளை ஆராய்வதென்றால், கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினியான விர்ச்சுவல் மெஷினில் மட்டும் திறவுங்கள். அதன் நெட்வொர்க் அடாப்டரை நிறுத்துங்கள். ஷேர்டு ஃபோல்டரையும் பொது கிளிப்போர்டையும் மூடுங்கள், ஏனென்றால் ஷேர்டு ஃபோல்டர் வழியாகவே வைரஸ் உங்கள் நிஜக் கணினிக்குத் தாவிவிடலாம். தொடங்கும் முன் ஸ்னாப்ஷாட் எடுத்துவைத்தால், முடிந்ததும் பழைய நிலைக்குத் திரும்பலாம். கல்லூரி ஆய்வகக் கணினியில் செய்வதாக இருந்தால் ஆசிரியரின் வாய்வார்த்தை போதாது, துறைத் தலைவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.