கினிப்பன்றிக்குப் பசியில்லையா, மெல்ல முடியவில்லையா?

செல்லப்பிராணிகள் – வாசகர் கேள்வி, விலங்கு மருத்துவர் பதில்

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்கள் வீட்டில் ‘புட்டு’ என்ற மூன்று வயது ஆண் கினிப்பன்றியை வளர்க்கிறோம். தொடக்கநிலை நான்கில் படிக்கும் என் மகள்தான் அதைப் பார்த்துக்கொள்கிறாள். இரண்டு வாரமாக அது உலர்புல்லைத் தொடுவதில்லை. மூன்று நாளாக உருண்டைத் தீவனமும் அப்படியே கிடக்கிறது. கொத்தமல்லிக் கட்டைப் பிரிக்கும் சத்தம் கேட்டால் ஓடி வருகிறது, ஒரு தண்டை வாயில் வாங்கிக்கொள்கிறது, இரண்டு முறை தாடையை அசைத்துவிட்டுக் கீழே போட்டுவிடுகிறது. மோவாய்க்குக் கீழே முடி எப்போதும் ஈரமாக இருக்கிறது. போன மாதம் 1,020 கிராம் இருந்தது, இப்போது 890 கிராம். முன்பற்கள் சரியாகத்தான் தெரிகின்றன. கடையில் கேட்டால் கடிப்பதற்கு மரக்கட்டை கொடுக்கச் சொல்கிறார்கள். என் மாமியார் எல்லாம் வெயில் சூடுதான் என்கிறார். வாரக்கடைசி வரை பொறுத்துப் பார்க்கலாமா?
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: பொறுக்க வேண்டாம். அச்சில் பதில் வரும்வரை புட்டு காத்திருக்க முடியாது என்பதால், உங்கள் கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் அழைத்து மருத்துவரிடம் கொண்டுபோகச் சொல்லிவிட்டோம். இதே நிலையில் இருக்கும் மற்ற வாசகர்களுக்காக இங்கே விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் மகள் கவனித்துச் சொன்ன அந்த ஒரு காட்சியிலேயே பாதி நோயறிதல் முடிந்துவிட்டது. பசியற்ற விலங்கு உணவைத் தேடி ஓடி வராது. மூலையில் முடி சிலிர்த்துக் குந்தியிருக்கும். ஓடி வந்து, வாயில் வாங்கி, மெல்ல முயன்று கீழே போடுகிறதென்றால் அதற்குப் பசி இருக்கிறது, மெல்லத்தான் முடியவில்லை. எச்சிலை விழுங்க முடியாமல் வழியவிடுவதால்தான் மோவாய் நனைந்திருக்கிறது. மாமியார் சொல்வதையும் நான் தள்ளிவிடவில்லை: 27, 28 பாகைக்கு மேல் வெப்பம் போனால் கினிப்பன்றிகள் உண்மையிலேயே துன்பப்படும், நம் ஊரில் நண்பகல் அதைத் தாண்டிவிடுகிறது. ஆனால் வெயில் சூட்டால் சோர்ந்த விலங்கு கொத்தமல்லிக்கு ஓடி வராது.

கினிப்பன்றிக்கு மொத்தம் 20 பற்கள். அவற்றில் நம் கண்ணுக்குத் தெரிபவை முன்னால் உள்ள நான்கு மட்டுமே. மற்ற 16 கடைவாய்ப் பற்கள் குறுகலான வாய்க்குள், கன்னத் தசைக்குப் பின்னால் மறைந்திருக்கின்றன. இருபதும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. நார் மிகுந்த புல்லைப் பல மணி நேரம் அரைத்துத் தின்னும்போது வளர்கிற அளவுக்குத் தேய்ந்துவிடும். தேய்மானம் குறைந்தால் கீழ்க் கடைவாய்ப் பற்கள் நாக்கின் பக்கமாகச் சாய்ந்து வளரும். மேல் பற்கள் கன்னத்தைக் குத்தும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கினிப்பன்றியைக் கொண்டுவந்தார்கள்; அதற்கு முன்பே வேறோர் இடத்தில் முன்பற்களை மூன்று முறை நறுக்கியிருந்தார்கள். மயக்க மருந்து கொடுத்து வாயைத் திறந்து பார்த்தபோது, கீழ்ப் பற்கள் இரண்டு பக்கமிருந்தும் வளைந்து வந்து நாக்கின் மேல் ஒரு பாலம் போலக் கூடியிருந்தன. நாக்கு அதன் அடியில் சிறைப்பட்டுக் கிடந்தது. அந்த விலங்கு எத்தனை நாள் அந்த வேதனையோடு தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்பதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

ஆகவே மரக்கட்டை இந்தக் கோளாறுக்கு மருந்தாகாது. கொறிப்பதற்கு முன்பற்கள் போதும், அரைப்பதற்கே கடைவாய்ப் பற்கள் வேண்டும். நகவெட்டியால் முன்பற்களை வீட்டிலேயே நறுக்குவதையும் தயவுசெய்து செய்யாதீர்கள், பல் நெடுக்காகப் பிளந்துவிடக்கூடும். மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து, வாயை முழுமையாகப் பார்த்து, மண்டையோட்டை எக்ஸ்ரே எடுத்து வேர்கள் நீண்டிருக்கின்றனவா, சீழ் கட்டியிருக்கிறதா என்று கண்டறிந்த பிறகே பற்களைச் சீராக்க வேண்டும். கினிப்பன்றிக்கு வாந்தி எடுக்க வராது; எனவே மயக்க மருந்துக்கு முன் நாய், பூனையைப் போல இரவெல்லாம் பட்டினி போடும் வழக்கம் அதற்குப் பொருந்தாது. நேரத்தை மருத்துவரிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள். நாய், பூனைகளையே பெரிதும் பார்க்கும் மருத்துவமனைகளும் இங்கு உண்டு என்பதால், நேரம் குறிக்கும்போதே கினிப்பன்றிக்குப் பல் சிகிச்சை செய்து பழக்கம் இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை.

அவசரப்படுத்துவதற்குக் காரணம் குடல். கினிப்பன்றியின் குடல் இடைவிடாமல் உணவு வந்தால்தான் இயங்கும். 12 முதல் 24 மணி நேரம் வெறும் வயிறாக இருந்தாலே அசைவு குறைந்து வாயு சேரும். உடம்பிலுள்ள கொழுப்பு கரைந்து கல்லீரலில் படியும், கொழுத்த விலங்குகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். புட்டு 130 கிராம் இழந்திருக்கிறது, அதாவது எட்டில் ஒரு பங்கு. பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மருத்துவரிடம் போகும்வரையும் சிகிச்சைக்குப் பிறகும் கையால் ஊட்டத்தான் வேண்டும். புல் தின்னும் விலங்குகளுக்கென்றே விற்கும் ஊட்டத் தூளையோ, வெந்நீரில் ஊறவைத்து ஆற்றி மசித்த உருண்டைத் தீவனத்தையோ, ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்து, முன்பற்களுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் பக்கவாட்டாக நுழைத்து, அரை மில்லிலிட்டர், ஒரு மில்லிலிட்டராகக் கொடுங்கள். விழுங்கிய பிறகே அடுத்த வாய். மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். சோற்றைப் பிசைந்து கொடுக்காதீர்கள். வீட்டில் மிஞ்சிய அமாக்ஸிசிலின் மாத்திரையைத் துண்டாக்கிக் கொடுத்தவர்களும் உண்டு. வாய்வழி கொடுக்கும் இதுபோன்ற பென்சிலின் வகை மருந்துகள் கினிப்பன்றியின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிரிகளை அழித்து உயிரையே எடுத்துவிடக்கூடும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: பல்லின் அமைப்பே மாறிவிட்டிருந்தால் ஒரு முறையோடு முடியாது, ஓரிரு மாதங்களுக்கு ஒருமுறை சீராக்க வேண்டி வரலாம். செலவையும் புட்டு படும் வலியையும் எண்ணி, முதலிலேயே மருத்துவரிடம் மனம்விட்டுப் பேசிவிடுங்கள். உங்கள் மகளிடம் சமையலறைத் தராசைக் கொடுத்து வாரம் ஒரு நாள், அதே நேரத்தில், எடையைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். 50 கிராம் குறைந்தால் அவளே உங்களை எச்சரிப்பாள்.

கேள்வி: கினிப்பன்றிக்கு வைட்டமின் சி குறைந்தால் பல் ஆடுமாமே? தண்ணீரில் சொட்டு மருந்து கலந்தால் போதுமா? புல் கெடாமல் வைப்பது எப்படி?
– வாசகர், செங்காங்

பதில்: ஆடும், ஈறில் இரத்தமும் கசியும், மூட்டுகளும் வலிக்கும். மனிதனைப் போலவே கினிப்பன்றியின் உடலாலும் வைட்டமின் சி தயாரிக்க முடியாது. கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் தேவை. தண்ணீரில் கலந்த சொட்டு மருந்து விரைவில் வீரியம் இழக்கும், எவ்வளவு குடித்தது என்றும் தெரியாது. தேக்கா சந்தையில் கிடைக்கும் சிவப்புக் குடைமிளகாயில் விரல் நீளத் துண்டு ஒன்றைத் தினமும் கொடுங்கள். திறந்து பல மாதமான தீவனப் பையை நம்பாதீர்கள். வளர்ந்த விலங்குக்கு திமோத்தி புல்லே ஏற்றது. அல்ஃபால்ஃபா (குதிரைமசால்) என்ற தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து அதிகம், சிறுநீர்ப்பையில் கல் கட்டக்கூடும். நம் ஊர் ஈரக் காற்றில் புல் எளிதில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் சிறு பைகளாக வாங்கி, காற்றோட்டமுள்ள துணிப்பையில், தரையில் படாமல் வையுங்கள். புளித்த வாடை வந்தால் மொத்தத்தையும் எறிந்துவிடுங்கள்.